மின்னெதிர்த்தன்மை: உயர்தர இரசாயனவியலைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு படிமுறை வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து உயர்தர இரசாயனவியலைத் தமிழ் மொழிமூலம் படித்தவன் நான். பன்னிரண்டாம் தரத்தின் முதல் இரண்டு தவணைகளிலும் எங்களுக்கு நிரந்தர இரசாயனவியல் ஆசிரியர் இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்குப் போய், நூறு பேருக்கு மேல் நெருங்கி உட்கார்ந்திருந்த ரியூசன் வகுப்பில் கேட்டதுதான் பாடம். அந்த வகுப்பில் மின்னெதிர்த்தன்மைக்கு, அதாவது பிணைப்பிலுள்ள இலத்திரன்களை அணு தன்பக்கம் இழுக்கும் வலிமைக்கு, கிடைத்தது இருபது நிமிடம். ஒவ்வொரு மூலகத்துக்கும் கரும்பலகையில் இருந்த எண்ணைக் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு, அலகு முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். தவணைப் பரீட்சையில் நான்கு சேர்வைகளைக் கொடுத்து, அவற்றிலுள்ள நைதரசன் அணுக்களை மின்னெதிர்த்தன்மையின் ஏறுவரிசையில் ஒழுங்குபடுத்தும்படி கேட்டிருந்தார்கள். நான்கிலும் நைதரசன்தானே, நான்கிற்கும் 3.04தானே என்று எழுதி, அந்தப் பகுதிக்குரிய புள்ளிகள் அனைத்தையும் இழந்தேன். பிழை எங்கே என்று எனக்கு விளங்க அதற்குப் பின் ஏழு மாதங்கள் சென்றன.

இப்போது வார இறுதிகளில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு ஏழு மாதம் எடுத்ததை அவர்கள் பத்து நாட்களில் முடிக்கிறார்கள். அந்தப் பத்து நாள் ஒழுங்கையே கீழே எழுதியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்டுள்ள உயர்தர இரசாயனவியல் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும். இவை நிறுவகத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முழு நூலையும் அச்சிட வேண்டியதில்லை. அணுக் கட்டமைப்பு, பிணைப்பு ஆகிய இரண்டு அலகுகளுக்குரிய பக்கங்கள் போதும். அண்மையில் ஒரு மாணவிக்காக நாற்பது பக்கங்களைப் பிரதி எடுத்தபோது, பக்கத்துக்குப் பத்து ரூபா வீதம் நானூறு ரூபா முடிந்தது. கையடக்கத் தொலைபேசியில் வாசிக்கலாம் என்றாலும், லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) மின்சாரம் நின்றுபோகும் மாலைகளில் தாளில் இருப்பதுதான் உதவும்.

இரண்டாவது, குறைந்தது எட்டு ஆண்டுகளின் கடந்தகால வினாத்தாள்கள். விடைகளை மட்டும் தருகின்ற கையேடுகளை வாங்காமல், பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு சேர்ந்த பிரதிகளைத் தேடுங்கள். எந்தச் சொல்லுக்குப் புள்ளி விழுகிறது என்பது அதில்தான் தெரியும். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று பேர் படித்தால் ஒரு பிரதியே போதும், செலவைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 80 பக்கக் கொப்பி ஒன்று. இதைப் பொதுக் குறிப்புக் கொப்பியோடு கலக்க வேண்டாம்.

இங்கேயே ஒரு பொறியைச் சொல்லிவிட வேண்டும். வலையொளியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் நல்ல பாடங்கள் பல உள்ளன. நானும் அவற்றால் பயனடைந்தவன்தான். ஆனால் அங்கே கலைச்சொற்கள் வேறு. நாம் மின்னெதிர்த்தன்மை என்பதை அவர்கள் எலக்ட்ரான் கவர்தன்மை என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, அது நம் புத்தகத்திலுள்ள இலத்திரன் நாட்டம்தான் என்று எண்ணிக் குழம்பிய மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு கணியங்கள். அந்தப் பாடங்களைப் பார்க்கும்போது, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல்கள் வரைந்து, அவர்கள் சொல்லும் சொல்லையும் நம் சொல்லையும் எதிரெதிரே எழுதிக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் ஐதரசன், கார்பன் காபன், ஆற்றல் சக்தி என்று இருபது சொற்கள் சேர்ந்தால் போதும். விடைத்தாளில் நம் கலைச்சொற்களையே எழுதுங்கள்.

2. வரைவிலக்கணத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் படியுங்கள்

பிணைப்பில் ஈடுபட்டுள்ள ஓர் அணு, அப்பிணைப்பிலுள்ள இலத்திரன்களைத் தன்பால் கவரும் ஆற்றலே மின்னெதிர்த்தன்மை. இந்த வாக்கியத்தில் மாணவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது “பிணைப்பில் ஈடுபட்டுள்ள” என்னும் பகுதி. இந்தப் பாடத்தின் முழுப் பாரமும் அதில்தான் இருக்கிறது. தனியே நிற்கும் அணுவுக்கு அயனாக்கற் சக்தி (ஓர் இலத்திரனை நீக்கத் தேவையான சக்தி) உண்டு, இலத்திரன் நாட்டமும் (ஓர் இலத்திரனை ஏற்கும்போது வெளிவரும் சக்தி) உண்டு. அவை இரண்டும் அளக்கத்தக்க சக்திகள், கிலோயூல்/மோல் என்ற அலகில் எழுதப்படுபவை. மின்னெதிர்த்தன்மையோ நேரடியாக அளக்கப்படுவதில்லை, வேறு அளவீடுகளிலிருந்து கணிக்கப்படுகிறது. இரசாயனவியலாளர் லைனஸ் பௌலிங் வகுத்த அளவுத்திட்டத்தில் அதற்கு அலகும் கிடையாது.

இந்த வேறுபாட்டை மறக்காமல் வைத்திருக்க ஓர் எடுத்துக்காட்டு போதும். வாயுநிலையில் தனி அணு ஓர் இலத்திரனை ஏற்கும்போது புளோரீன் ஏறத்தாழ 328 கிலோயூல்/மோலும், குளோரீன் ஏறத்தாழ 349 கிலோயூல்/மோலும் வெளிவிடுகின்றன. அதாவது இலத்திரன் நாட்டத்தில் குளோரீன் முந்துகிறது. மின்னெதிர்த்தன்மையில் புளோரீனே எல்லா மூலகங்களிலும் உயர்ந்தது. புளோரீன் மிகச் சிறிய அணு என்பதால், தனியாக வந்து சேரும் இலத்திரன் ஏற்கனவே நெருங்கியிருக்கும் இலத்திரன்களால் தள்ளப்படுகிறது. பிணைப்பில் பகிரப்படும் சோடியின் நிலைமை அதுவல்ல. பல்தேர்வு வினாக்களில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்பார்கள்.

பௌலிங் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஒரே ஒரு தடவை செய்து பாருங்கள். பதினைந்து நிமிடம் போதும். ஐதரசன் மூலக்கூறின் பிணைப்புச் சக்தி 436, குளோரீன் மூலக்கூறினது 242. இரண்டின் சராசரி 339. இரு அணுக்களும் இலத்திரன் சோடியைச் சமமாகப் பகிர்ந்திருந்தால் ஐதரசன் குளோரைட்டின் பிணைப்புச் சக்தி இதையொட்டியே இருந்திருக்க வேண்டும். உண்மையில் அது 431. மேலதிகமான 92 கிலோயூல், குளோரீன் இலத்திரன்களைத் தன்பக்கம் இழுத்ததால் பிணைப்புக்குக் கிடைத்த வலிமை. 92இன் வர்க்கமூலம் 9.6, அதை அலகு மாற்றத்துக்கான 0.102ஆல் பெருக்கினால் 0.98 வருகிறது. அட்டவணையில் குளோரீனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 0.96. முதன்முதலாக இந்தக் கணக்கைக் குப்பி விளக்கில் செய்து முடித்த இரவில்தான், அந்த எண்கள் யாரோ விதித்த கட்டளை அல்ல, பிணைப்பிலிருந்து பிறந்தவை என்ற தெளிவு எனக்கு வந்தது.

3. பத்தொன்பது எண்கள் போதும்

வினாத்தாளோடு தரப்படும் ஆவர்த்தன அட்டவணையில் மின்னெதிர்த்தன்மைப் பெறுமானங்கள் இருக்காது. ஆகவே சிலவற்றை நினைவில் வைத்திருப்பது அவசியம், எல்லாவற்றையும் அல்ல. இரண்டாம் ஆவர்த்தனத்தை முதலில் அண்மித்த அரைக்கு முழுதாக்கிப் படியுங்கள்: இலிதியம் 1.0, பெரிலியம் 1.5, போரன் 2.0, காபன் 2.5, நைதரசன் 3.0, ஒட்சிசன் 3.5, புளோரீன் 4.0. ஒவ்வொரு படிக்கும் 0.5 கூடுகிறது, இதை மறக்க முடியாது. பிறகு திருத்தமான பெறுமானங்களுக்குச் செல்லுங்கள்: 0.98, 1.57, 2.04, 2.55, 3.04, 3.44, 3.98.

மூன்றாம் ஆவர்த்தனத்தில் சோடியம் 0.93, மகனீசியம் 1.31, அலுமினியம் 1.61, சிலிக்கன் 1.90, பொசுபரசு 2.19, கந்தகம் 2.58, குளோரீன் 3.16. இவற்றோடு ஐதரசன் 2.20, பொற்றாசியம் 0.82, கல்சியம் 1.00, புரோமீன் 2.96, அயடீன் 2.66 ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தம் பத்தொன்பது. நாளுக்கு இருபது நிமிடமாக மூன்று நாட்கள் எழுதிப் பார்த்தால் நிலைத்துவிடும்.

பொறிகள் இரண்டு. ஐதரசன் அட்டவணையில் இலிதியத்துக்கு மேலே இருப்பதால் அதன் பெறுமானமும் தாழ்ந்தது என்று நினைப்பது ஒன்று. அது போரனுக்கும் காபனுக்கும் இடையில் நிற்கிறது. மற்றது, வெவ்வேறு நூல்களிலிருந்து எண்களைக் கலந்து எழுதுவது. பழைய நூல்களில் குளோரீனுக்கு 3.0, ஐதரசனுக்கு 2.1 என்று இருக்கும். அவை பிழையானவை அல்ல, முழுதாக்கப்பட்டவை. ஆனால் ஒரே வினாவுக்குள் ஒன்றை அங்கிருந்தும் மற்றொன்றை இங்கிருந்தும் எடுத்தால் வித்தியாசம் பிழைத்துப்போகும். நான் பயன்படுத்திய ஒரு வழிகாட்டி நூலிலேயே இருவகை எண்களும் கலந்திருந்தன. அதை நம்பி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

4. போக்கை எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள்

ஆவர்த்தனம் ஒன்றில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது மின்னெதிர்த்தன்மை கூடுகிறது. கூட்டம் ஒன்றில் மேலிருந்து கீழாகக் குறைகிறது. இதை எழுதினால் பாதிப் புள்ளிதான். ஆவர்த்தனத்தில் கருவேற்றம் கூடினாலும் உள்ளோடுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. அதனால் இறுதியோட்டு இலத்திரன்கள் உணரும் பயன்படு கருவேற்றம் கூடி, அணு ஆரை குறைகிறது. கூட்டத்தில் ஓடுகள் கூடுவதால் கருவுக்கும் பிணைப்புச் சோடிக்கும் இடையிலான தூரமும், உள்ளிலத்திரன்களின் திரையிடலும் (கருவின் இழுவையை மறைத்தலும்) கூடுகின்றன. இந்த இரண்டு வாக்கியங்களையும் உங்கள் கையெழுத்தில் பத்துத் தடவை எழுதுங்கள்.

விலக்கு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அலுமினியம் 1.61, அதற்குக் கீழேயுள்ள கல்லியம் 1.81. இடையில் நிரம்பும் 3டி இலத்திரன்கள் கருவேற்றத்தைச் சரியாகத் திரையிடாததே காரணம். வலதுகோடியில் இருப்பதால் நேயன்தான் உயர்ந்தது என்று எழுதிவிட வேண்டாம். வழமையான பௌலிங் அட்டவணையில் ஈலியத்துக்கும் நேயனுக்கும் ஆகனுக்கும் பெறுமானமே இல்லை, ஏனெனில் கணிப்பதற்கு அவற்றுக்குப் பிணைப்புகள் வேண்டும்.

5. வித்தியாசத்தைக் கணித்துப் பிணைப்பின் தன்மையை மதிப்பிடுங்கள்

இரு அணுக்களின் பெறுமானங்களைக் கழித்தால் வரும் எண், அவற்றுக்கிடையிலான பிணைப்பு எவ்வளவு முனைவானது (இலத்திரன்கள் எவ்வளவு ஒருபக்கம் சாய்ந்தவை) என்பதைக் காட்டுகிறது. வித்தியாசம் பூச்சியத்தை அண்மித்தால் முனைவற்ற பங்கீட்டு வலுப்பிணைப்பு. கூடக்கூட முனைவுத்தன்மை கூடும். மிகவும் கூடினால் அயன்தன்மை மேலோங்கும். மலைக்குப் போகும்போது அட்டை கடித்தால் போட அம்மா சீலைத் துண்டில் முடிந்துகொண்டு போகும் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் 0.93, குளோரீன் 3.16, வித்தியாசம் 2.23, அயன் சேர்வை. ஒரு கரண்டி உப்பை ஒரு குவளை தண்ணீரிலும் இன்னொரு கரண்டியை ஒரு குவளை மண்ணெண்ணெயிலும் இட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீரில் அது மறைந்துவிடும். மண்ணெண்ணெயில் எவ்வளவு கலக்கினாலும் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மண்ணெண்ணெய் காபனாலும் ஐதரசனாலும் ஆனது. அவற்றின் வித்தியாசம் 0.35தான். சோடியம் அயனையும் குளோரைட்டு அயனையும் சூழ்ந்து பிடித்துக்கொள்ள அந்த மூலக்கூறுகளில் போதிய ஏற்றப் பிரிவு இல்லை. விளக்கோ அடுப்போ எரியாத இடத்தில் இதைச் செய்யுங்கள்.

பலர் வழுக்கி விழும் இடம் 1.7 என்ற எண். வித்தியாசம் 1.7ஐ விடக் கூடினால் அயன், குறைந்தால் பங்கீட்டு வலு என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். அது ஒரு கைவழக்கு மட்டுமே. அதைக் கத்தியாகப் பயன்படுத்தினால் கை அறுபடும். ஐதரசன் புளோரைட்டில் வித்தியாசம் 1.78, ஆனாலும் அது மூலக்கூறுகளாலான சேர்வை. போரன் முப்புளோரைட்டில் 1.94, அது ஏறத்தாழ −100 பாகை செல்சியசில் கொதிக்கும் வாயு. மறுபக்கம், சோடியம் ஐதரைட்டில் வித்தியாசம் 1.27தான், ஆனால் அது அயன் திண்மம். ஆகவே வித்தியாசத்தோடு, சேர்ந்திருப்பவை உலோகமா அல்லுலோகமா, கற்றயன் (நேரயன்) எவ்வளவு சிறியது, அதன் ஏற்றம் எவ்வளவு பெரியது என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

அலுமினியத்தை வைத்து இதை நன்றாக விளங்கிக்கொள்ளலாம். நமக்கு நெருக்கமான மூலகமும் அதுதான். தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அலுமினியத்தையும் புளோரைட்டையும் உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. இந்த இரண்டும் சேர்ந்த அலுமினியம் புளோரைட்டில் வித்தியாசம் 2.37, ஏறத்தாழ 1290 பாகை செல்சியசில்தான் அது பதங்கமாகும் (திரவமாகாமல் நேரே ஆவியாகும்). புளோரீனுக்குப் பதிலாகக் குளோரீன் வந்தால் வித்தியாசம் 1.55 ஆகிறது, நீரற்ற அலுமினியம் குளோரைட்டு 180 பாகையளவிலேயே பதங்கமாகிவிடுகிறது. உலோகம் ஒன்றே; மறுபக்கத்தில் நிற்கும் அணு மாறியதும் சேர்வையின் குணமே மாறிவிட்டது.

6. பிணைப்பு முனைவானதா, மூலக்கூறு முனைவானதா? இரண்டையும் பிரியுங்கள்

இந்தப் படிக்கு உருளைக்கிழங்கும் கரட்டும் வேண்டும். சிறிய உருளைக்கிழங்கு ஒன்றைக் காபனாக வைத்து, நான்கு விளக்குமாற்று ஈர்க்குகளை நான்முகி வடிவில் குத்தி, ஒவ்வொரு ஈர்க்கின் நுனியிலும் ஒரு கரட் துண்டைக் குளோரீனாகச் செருகுங்கள். இது காபன் நாற்குளோரைட்டு. ஒவ்வொரு பிணைப்பிலும் கரட் துண்டு இலத்திரனைத் தன்பக்கம் இழுக்கிறது; ஆனால் நான்கு இழுவைகளும் சமமாக நான்கு திசைகளில் அமைவதால் விளையுள் பூச்சியம். இப்போது ஒரு கரட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பட்டாணியை ஐதரசனாகச் செருகுங்கள். சமநிலை குலைகிறது, இப்படிக் கிடைக்கும் குளோரோபோமின் இருமுனைவுத் திருப்புதிறன் (மூலக்கூறின் முனைவுத்தன்மையின் அளவு) ஏறத்தாழ 1.04 டெபாய் என்ற அலகு. கையில் திருப்பிப் பார்த்த பிள்ளைகள் இதில் பிழைவிடுவதில்லை. முடிந்ததும் எல்லாம் கறிச்சட்டிக்குப் போகலாம், செலவு ஒன்றுமில்லை.

காபனீரொட்சைட்டு நேர்கோடு, ஆதலால் முனைவற்றது. நீர் வளைந்தது, ஆதலால் 1.85 டெபாய். இவை எளியவை. கடினமானது அமோனியாவும் நைதரசன் முப்புளோரைட்டும். இரண்டும் ஒரே வடிவம். நைதரசனுக்கும் புளோரீனுக்குமான வித்தியாசம் 0.94, நைதரசனுக்கும் ஐதரசனுக்குமானது 0.84. அப்படியானால் நைதரசன் முப்புளோரைட்டுத்தான் கூடிய முனைவுடையது என்று எழுதத் தோன்றும். உண்மையில் அமோனியா 1.47 டெபாய், நைதரசன் முப்புளோரைட்டு 0.23 டெபாய்தான். அமோனியாவில் பிணைப்புகளின் இழுவை நைதரசனை நோக்கி, தனிச்சோடியின் (பிணைப்பில் ஈடுபடாத இலத்திரன் சோடியின்) திசையோடு ஒத்துச் செல்கிறது. மற்றதில் இழுவை புளோரீன்களை நோக்கி, தனிச்சோடிக்கு எதிராகச் சென்று ஒன்றையொன்று அழிக்கிறது. தனிச்சோடியை வரையாமல் இத்தகைய வினாவுக்கு விடையளிக்கத் தொடங்காதீர்கள்.

7. ஒரே அணு, வெவ்வேறு சூழல்

நான் புள்ளிகளை இழந்த இடம் இதுதான்; ஆகவே பத்து நாட்களில் மூன்று நாட்களை இதற்குக் கொடுங்கள். அட்டவணையிலுள்ள எண், அந்த மூலகம் வழமையான சேர்வைகளில் காட்டும் நடத்தையின் ஒரு பொதுப் பெறுமானம். குறித்த ஒரு சேர்வைக்குள் அந்த அணு எவ்வளவு வலிமையாக இழுக்கிறது என்பது அதன் கலப்பாக்கம் (எஸ், பீ ஒபிற்றல்கள் கலந்து பிணைப்புக்கான ஒபிற்றல்கள் ஆவது), அதன் மீதுள்ள ஏற்றம், அதன் ஒட்சியேற்ற எண் (விளக்கம் எட்டாம் படியில்) ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

கலப்பாக்கத்தை முதலில் பாருங்கள். எஸ் ஒபிற்றல் பீ ஒபிற்றலை விடக் கருவுக்கு நெருக்கமானது. எஸ்பி³ கலப்பில் எஸ் பங்கு 25 சதவீதம், எஸ்பி² கலப்பில் 33 சதவீதம், எஸ்பி கலப்பில் 50 சதவீதம். எஸ் பங்கு கூடக்கூட இலத்திரன்கள் கருவுக்கு அருகில் வைத்திருக்கப்படுகின்றன. ஆகவே அணுவின் மின்னெதிர்த்தன்மை கூடுகிறது. இதற்குச் சான்று ஆய்வுகூடத்திலேயே உண்டு. எதைனை அமோனியாசேர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலினூடாகச் செலுத்தினால் வீழ்படிவு வருகிறது, எதீனில் வராது. எஸ்பி காபன் இலத்திரன் சோடியை இறுகப் பற்றிக்கொள்வதால், அதனோடு இணைந்த ஐதரசன் புரோத்தனாகக் கழலுவது எளிதாகிறது.

அடுத்தது ஏற்றம். நேரேற்றம் பெற்ற அணு இலத்திரன்களை மேலும் வலிமையாகக் கவரும். மறையேற்றம் பெற்றது குறைவாகக் கவரும். ஒட்சியேற்ற எண் கூடினாலும் மின்னெதிர்த்தன்மை கூடும்.

அமைட்டு அயன், அமோனியா, நைத்திரேற்று அயன், நைத்திரோனியம் அயன் ஆகிய நான்கிலும் உள்ள நைதரசனை ஒழுங்குபடுத்திப் பார்ப்போம். கொப்பியில் நான்கு நிரல்கள் வரைந்து, சேர்வை, கலப்பாக்கம், நைதரசன் மீதான முறைமை ஏற்றம் (பிணைப்புச் சோடிகளைச் சமமாகப் பங்கிட்டு எண்ணும் ஏற்றம்), ஒட்சியேற்ற எண் என்று தலைப்பிடுங்கள். அமைட்டு அயனில் எஸ்பி³, −1, −3. அமோனியாவில் எஸ்பி³, 0, −3. நைத்திரேற்றில் எஸ்பி², +1, +5. நைத்திரோனியத்தில் எஸ்பி, +1, +5. அமைட்டும் அமோனியாவும் கலப்பாக்கத்திலும் ஒட்சியேற்ற எண்ணிலும் ஒன்றே, ஏற்றத்தில்தான் வேறுபடுகின்றன. நைத்திரேற்றும் நைத்திரோனியமும் ஏற்றத்திலும் ஒட்சியேற்ற எண்ணிலும் ஒன்றே, கலப்பாக்கத்தில்தான் வேறுபடுகின்றன. ஆகவே ஏறுவரிசை அமைட்டு, அமோனியா, நைத்திரேற்று, நைத்திரோனியம். மெதேன், மெதனல், காபனீரொட்சைட்டு ஆகியவற்றிலுள்ள காபனை இதே முறையில் நீங்களே நிரப்பிப் பாருங்கள். எஸ்பி³, எஸ்பி², எஸ்பி என்றும், −4, 0, +4 என்றும் வரும்.

பொறி எதுவென்றால், லூயிஸ் கட்டமைப்பை (பிணைப்புகளையும் தனிச்சோடிகளையும் காட்டும் வரைபை) மனதுக்குள் வரைந்துவிட்டு நேரே வரிசையை எழுதுவது. கட்டமைப்பு பிழைத்தால் கலப்பாக்கமும் ஏற்றமும் சேர்ந்தே பிழைக்கும். தாளில் வரைய ஒரு நிமிடம்தான் செல்லும்.

8. ஒட்சியேற்ற எண்ணையும் நீர்ப்பகுப்பையும் இதோடு இணையுங்கள்

பிணைப்புச் சோடியைக் கூடிய மின்னெதிர்த்தன்மையுள்ள அணுவுக்கே முழுவதும் கொடுத்துவிட்டதாகக் கருதி எண்ணுவதே ஒட்சியேற்ற எண். ஒட்சிசனுக்கு எப்போதும் −2 என்று மனப்பாடம் செய்தவர்கள் ஒட்சிசன் இருபுளோரைட்டில் தடுமாறுவார்கள். அங்கே புளோரீன் இழுப்பதால் ஒட்சிசன் +2. ஐதரசன் பேரொட்சைட்டில் ஒட்சிசன்கள் இரண்டும் தமக்குள் சமமாகப் பகிர்வதால் −1.

நைதரசன் முக்குளோரைட்டை மட்டும் தனியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பௌலிங் எண்களைப் பார்த்தால் குளோரீன் 3.16, நைதரசன் 3.04, குளோரீன் சற்று முந்துகிறது. ஆனால் நீரோடு தாக்கமுறும்போது அது அமோனியாவையும் உபகுளோரசு அமிலத்தையும் தருகிறது. நைதரசன் ஐதரசனைப் பெறுகிறது, குளோரீன் ஐதரொட்சைற்றுப் பகுதியைப் பெறுகிறது. ஆகவே நைதரசனை −3 என்றும் குளோரீனை +1 என்றும் எடுக்கிறோம். வேறொரு முறையில் கணிக்கப்படும் அலன் அளவுத்திட்டத்தில் நைதரசன் 3.07, குளோரீன் 2.87 என்பதால் அங்கே இது முரணாகத் தெரிவதில்லை. பொசுபரசு முக்குளோரைட்டு இதற்கு நேர்மாறு. பொசுபரசு 2.19தான், நீரில் பொசுபோனிக்கமிலமும் ஐதரசன் குளோரைட்டும் விளைகின்றன. இரண்டு சமன்பாடுகளையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதி வையுங்கள்.

9. ஐதரசன் பிணைப்பு

ஒரு மூலக்கூறின் ஐதரசனுக்கும் அயல் மூலக்கூறின் தனிச்சோடிக்கும் இடையிலான கவர்ச்சியே ஐதரசன் பிணைப்பு. ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்குமான வித்தியாசம் 1.24, கந்தகத்துக்கும் ஐதரசனுக்குமானது 0.38. நீர் 100 பாகையிலும் ஐதரசன் சல்பைட்டு ஏறத்தாழ −60 பாகையிலும் கொதிப்பதற்கு இதுவே அடிப்படை. தை, மாசிக் காலைகளில் நுவரெலியாப் பக்கத்தில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெண்படலத்தில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அயல் மூலக்கூறுகளோடு ஐதரசன் பிணைப்பால் இணைந்து, இடைவெளிகள் நிறைந்த திறந்த அமைப்பில் நிற்கிறது. பனிக்கட்டியின் அடர்த்தி நீரினதை விடக் குறைந்து 0.917 கிராம்/கன சதமமீற்றர் ஆவது அதனால்தான். புளோரீன், ஒட்சிசன், நைதரசன் ஆகியவற்றோடு நேரடியாக இணைந்த ஐதரசனையே எழுதுங்கள். குளோரீனின் பெறுமானம் நைதரசனை விடக் கூடியதாயிருந்தும் ஐதரசன் குளோரைட்டை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. குளோரீன் அணு பெரியது, அதன் தனிச்சோடிகள் பரந்து கிடக்கின்றன.

10. நேர ஒழுங்கு

முதல் மூன்று நாட்கள் முதல் நான்கு படிகளுக்கும், அடுத்த இரண்டு நாட்கள் ஐந்தாம் ஆறாம் படிகளுக்கும், பின்னர் மூன்று நாட்கள் ஏழாம் படிக்கு மட்டும், ஒன்பதாம் நாள் எஞ்சிய இரண்டு படிகளுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். பத்தாம் நாள் கடந்தகால வினாத்தாள்களில் இந்தப் பகுதியைத் தொடும் வினாக்களை மட்டும் பொறுக்கி, கணிகருவி இல்லாமல் செய்யுங்கள். பரீட்சையில் அதற்கு அனுமதியில்லை.

முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். ஒன்றுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். மின்னெதிர்த்தன்மை வினாவுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்காமல் பழகினால், மிச்சமாகும் நேரம் கணிப்பு வினாக்களுக்கு உதவும். இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் வரிசைப்படுத்தும் வினா வந்தால், அது ஏறுவரிசையா இறங்குவரிசையா என்ற சொல்லின் கீழ் முதலில் ஒரு கோடு இழுங்கள். அதன் பின் எந்த அணுவைக் கேட்கிறார்கள் என்பதைச் சுற்றி ஒரு வட்டம். ஏழாம் படியின் நான்கு நிரல்களை வினாத்தாளின் வெற்றிடத்தில் பென்சிலால் சிறிதாக வரைந்து நிரப்பிய பிறகே விடையை மையால் எழுதுங்கள்.

சரியான விடையைத் தலைகீழாக எழுதி வைத்த தாள்களை ஒவ்வொரு தவணையும் திருத்துகிறேன். சென்ற தவணையில் பன்னிரண்டு பேரில் மூவர் அப்படி எழுதியிருந்தார்கள். மூவரும் நிரல்களைப் பிழையில்லாமல் நிரப்பியிருந்தார்கள்.